கையெழுத்து மாமெல்லோவுடையது அல்ல

அத்தியாயம் 9

காலை ஏழே கால் மணிக்குத் தொலைபேசியில் கேட்ட குரல் மாமெல்லோவின் காதைவிட்டு இறங்க மறுத்தது.

“நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த கீசர்தாம்மா என் பொண்ணு கையை வேக வெச்சிருக்கு. நாலு வயசு. வந்து பாருங்க. வந்து உங்க கண்ணாலயே பாருங்க.”

பேசியவள் பெயர் சார்மெய்ன் ஜாஃப்தா. வீடு ஹெய்டெடாலில். மாமெல்லோ அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. அந்தத் தெருவில் கால் வைத்ததும் இல்லை.

போன வாரம் வரை அவளுக்கு இருந்த தலைவலியெல்லாம், தம்பி பிட்சோ ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை என்பது மட்டும்தான். பதிவு பெற்ற குழாய்ப் பணியாளர் என்ற பெயரை எடுக்க ஒன்பது வருஷம் உழைத்தவள் அவள். வகுப்பில் இருந்த ஒரே பெண். பிட்சோ அதே தேர்வில் இரண்டு முறை தோற்றவன். “உன்கூட வெச்சுக்கோடி, முப்பத்திநாலு வயசுல ரோட்டுல நிக்கிறான்” என்று அம்மா மோசெலே அழுத அழுகையில்தான் அவனை உதவிக்குச் சேர்த்துக்கொண்டாள். வாஷர் மாற்று, அடைப்பு எடு, கழிவறைத் தொட்டியைப் பார். கீசரை மட்டும் தொடாதே. அவள் போட்ட நிபந்தனை அது ஒன்றுதான்.

புளூம்ஃபொன்டெயினில் ஜூலை மாதம் என்றால் நடுக் குளிர்காலம். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. யாரோ மின்கம்பியைத் திருடிக்கொண்டு போனதில் மூன்று நாளாக ஊரில் பாதிக்குக் கரண்ட் இல்லை. நேற்று நள்ளிரவில்தான் ஹெய்டெடால் பக்கம் திரும்பி வந்திருந்தது. மாமெல்லோ வண்டியை ஓட்டியபடியே பிட்சோவின் எண்ணை ஐந்து முறை அழுத்தினாள். ஐந்து முறையும் மணி அடித்து ஓய்ந்தது.

“எடுக்க மாட்டே. எடுக்க மாட்டேடா நீ,” என்று ஸ்டீயரிங்கை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். வண்டியின் கதவில் பெரிய எழுத்தில் அவள் பெயர் இருந்தது: மாமெல்லோ லெபுடிங், கீசர் மற்றும் குழாய் வேலை.

சார்மெய்ன் கதவைத் திறந்தபோது அவள் கையில் குழந்தையின் சட்டை ஒன்று இருந்தது. வீட்டுச் செருப்போடு நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“நீங்கதான் மாமெல்லோவா? வேலைக்கு வந்தது ஒரு ஆம்பளை. வாய் நிறையச் சிரிப்பு. காகிதத்துல மட்டும் பொம்பளை பேரு. அன்னிக்கே யோசிச்சிருக்கணும் நான்.”

அவள் ஒரு தாளை நீட்டினாள். மாமெல்லோ அதை வாங்கவில்லை. அவள் காது வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டின் மேற்கூரைக்குள்ளிருந்து ஒரு பெரிய கெட்டில் கொதிப்பது போல உறுமல். நடுநடுவே யாரோ சுத்தியலால் தட்டுவது போல டொக்... டொக்...

“கீசருக்குப் போற கரண்ட்டை அணைச்சீங்களா?”

“என்னது?”

“கரண்ட்டும்மா! கீசர் ஸ்விட்ச்!”

“என் பொண்ணு தோலு உரிஞ்சு கத்திக்கிட்டிருந்தா! அவங்கப்பா அவளைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறாரு! ஸ்விட்ச் ஞாபகமா வரும் எனக்கு?”

மாமெல்லோ அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த போர்டில் மெயினையே கீழே இறக்கினாள்.

“வீட்டுல வேற யாரு இருக்கா?”

“கைக்குழந்தை. உள் ரூம்ல தூங்குறான்.”

“கீசர் எந்த ரூமுக்கு மேல இருக்கு?”

சார்மெய்ன் வாயைத் திறந்தாள். உடனே திரும்பி உள் ரூமுக்கு ஓடினாள். போர்வையோடு குழந்தையை வாரிக்கொண்டு வெளியே வந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர்களையும் தெருவுக்கு அனுப்பினாள். பின்பக்கம் துணி துவைக்கும் தொட்டிக்கு ஒரு சுடுதண்ணீர்க் குழாய் இருந்தது. கையில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, ஒதுங்கி நின்று, அதைக் கால் திருகு திறந்தாள். தண்ணீர் வரவில்லை. சீறிக்கொண்டு ஆவி வந்தது. தொட்டியின் ஓரத்தில் படிந்திருந்த உறைபனி நொடியில் கரைந்து ஓடியது.

“கொஞ்சம் கொஞ்சமா இறங்கட்டும். பச்சைத் தண்ணி உள்ள போகப் போகச் சூடு குறையும். அது வரைக்கும் யாரும் வீட்டுக்குள்ள போகக் கூடாது.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி நேரமாவது ஆகும்.”

சார்மெய்ன் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வேலியோரம் நின்றாள். பிறகு தாளை மறுபடியும் நீட்டினாள். இந்த முறை மாமெல்லோ வாங்கினாள்.

பணித் தரச் சான்றிதழ். பதிவு எண் சரி. முத்திரை சரி. கையெழுத்து மட்டும் கிட்டத்தட்ட சரி. முதல் எழுத்தின் வாலை மாமெல்லோ ஒருபோதும் மேலே சுழிக்க மாட்டாள். இதில் சுழித்திருந்தது. சின்ன வயதிலிருந்தே தன் பெயரை அப்படிச் சுழித்துச் சுழித்து எழுதுகிறவன் யார் என்று அவளுக்குத் தெரியும்.

“இது என் கையெழுத்து இல்ல,” என்றாள்.

சார்மெய்ன் சிரித்தாள். அது சிரிப்பே இல்லை. “இதைத்தான் சொல்லுவீங்கன்னு தெரியும்.”

“நான் இன்னும் முடிக்கல. கையெழுத்து என்னுது இல்ல. நம்பரும் முத்திரையும் என்னுது. வேலை பார்த்தவன் என் கூடப் பொறந்த தம்பி. கீசரைத் தொட அவனுக்கு அனுமதி கிடையாது.”

சார்மெய்ன் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். குழந்தை சிணுங்கியது.

“அப்ப உங்க வீட்டுக் கூத்தை என் வீட்டுக் கூரைல ஏத்தி வெச்சிருக்கீங்க.”

மாமெல்லோ தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“தினமும் ஒரு மணி நேரம்தாம்மா அந்த ஸ்விட்சைப் போடுவோம். கரண்ட் பில்லுக்குப் பயந்து. மூணு நாளா கரண்ட் இல்லையேன்னு, குழந்தைங்க குளிச்சு நாளாச்சேன்னு, நேத்து ராத்திரி கரண்ட் வந்ததும் போட்டுட்டுத் தூங்கிட்டோம். காலைல அவளே எழுந்து போய்க் குழாயைத் திறந்திருக்கா. கை கழுவிட்டுத்தான் சாப்பிடணும்னு நான்தான் பழக்கினேன்...” சார்மெய்னின் குரல் உடைந்தது. உடனே அதைக் கோபமாக மாற்றிக்கொண்டாள். “இங்கே நின்னு அழறதுக்கு எனக்கு நேரமில்ல. அந்தச் சிரிப்புக்காரனை என் முன்னாடி கொண்டுவந்து நிறுத்துங்க. இல்ல, நான் போலீஸ்ல கொண்டுபோய் நிறுத்துவேன்.”

“நிறுத்துறேன்,” என்றாள் மாமெல்லோ. “போலீசுக்கும் போங்க. வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.”

ஒன்பதரை மணிக்கு ஆவி நின்று தண்ணீர் வந்தது. பத்து மணிக்கு அது கை பொறுக்கிற சூட்டுக்கு இறங்கியது. ஏணியைப் போட்டு, டார்ச்சோடு கூரைக்குள் ஏறினாள்.

கீசரின் ஒரு பக்கத் தகடு கர்ப்பிணி வயிறு போல வெளியே உப்பியிருந்தது. மூடியைக் கழற்றினாள். தண்ணீர் போதுமான அளவு சூடானதும் கரண்ட்டை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் கருகிக் கிடந்தது. அதைப் பிட்சோ மாற்றவில்லை. ஒரு முழ நீளச் சிவப்பு வயரைக் கொண்டு அதைச் சுற்றி வழி போட்டு, கரண்ட்டை நேராகக் கம்பிச் சுருளுக்குக் கொடுத்திருந்தான். ஸ்விட்ச் போட்டால் போட்டதுதான்; கொதித்தாலும் நிற்காது.

அது மட்டுமென்றால்கூடத் தப்பித்திருக்கலாம். சூடும் அழுத்தமும் மிஞ்சினால் தானே திறந்து வெளியே கொட்டும் பாதுகாப்பு வால்வு ஒன்று எல்லாக் கீசரிலும் உண்டு. அதன் வாயில் ஒரு பித்தளை மூடி இறுக்கித் திருகப்பட்டிருந்தது. சொட்டுகிறது என்று சொல்லியிருப்பார்கள். ஏன் சொட்டுகிறது என்று அவன் பார்க்கவில்லை. சொட்டுகிற வாயை அடைத்துவிட்டான்.

இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் இந்தக் கூரையே இருந்திருக்காது. கீழே கைக்குழந்தையின் தொட்டில்.

மாமெல்லோ அந்த இருட்டில் குந்தியபடி, கெட்ட வார்த்தை ஒன்றை வாய்விட்டுச் சொன்னாள். பிறகு இணைப்பையெல்லாம் துண்டித்தாள், தண்ணீரை வடித்தாள், வயரையும் மூடியையும் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

* * *

பாத்தோவில் அம்மாவின் வீட்டுச் சமையலறையில் பிட்சோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மக்காச்சோளக் களி, கீரை, வறுத்த ஈரல். அவனுடைய தொலைபேசி தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

மாமெல்லோ வயரையும் மூடியையும் அந்தத் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

பிட்சோவின் கை வாய்க்கருகில் நின்றது.

“எடுத்துப் பாரு. அடையாளம் தெரியுதா?”

“அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“நாலு வயசுப் பொண்ணு. வலது கை. முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. இப்பச் சொல்லு, கேக்குறேன்.”

அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பினாள். “யாருக்கு? என்ன ஆச்சு? வந்ததும் வராததுமா ஏன் இப்படிக் கத்தறே? மாமெல்லோன்னா பொறுமைன்னு அர்த்தம்டி. பேரையாவது நினைச்சுப் பாரு.”

“பேரைத்தான்மா நினைச்சுக்கிட்டு வர்றேன். என் பேரைப் போட்டுத்தான் இவன் வேலை பார்த்திருக்கான்.”

பிட்சோ எழுந்து நின்றான். ஆள் உயரம். அக்கா முன்னால் நிற்கும்போது மட்டும் தோள் குறுகிப்போகும். “தெர்மோஸ்டாட் அன்னிக்குக் கடையில இல்லக்கா. குழந்தைங்க குளிருல நடுங்குதுன்னு அந்தப் பொம்பளை கெஞ்சினா. ஒரு வாரத்துக்கு இப்படி ஓடட்டும், அப்புறம் வந்து மாத்திடலாம்னுதான்...”

“எத்தனை வாரம் ஆச்சு?”

பிட்சோ தட்டை ஓரமாகத் தள்ளினான்.

“எத்தனை வாரம்டா?”

“ஆறு.”

“மூடி? மூடியும் கடையில இல்லாததாலதான் போட்டியா?”

“சொட்டிக்கிட்டே இருந்துது. சீலிங் ஊறுதுன்னா...”

“சொட்டுறது சீலிங்கை நனைக்கும். சொட்டாதது கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகும்! ரெண்டு தடவை தேர்வு எழுதினியே, இதைக்கூடவா படிக்கல?”

அந்த வார்த்தை சுட்டது. பிட்சோவின் முகம் மாறியது.

“ஆமா, நான் தோத்தவன்! சொல்லு, தெருவுக்கே கேக்கட்டும்! எந்தக் கதவைத் தட்டினாலும் ‘அக்கா எங்க, அக்கா வரலையா’ன்னுதான் கேக்கறாங்க. என்னை வெறும் மூட்டை தூக்கறவனாத்தான் பாக்கறாங்க. உன் பேரு போட்ட வண்டி, உன் பேரு போட்ட சட்டை. என் பேருக்கு இந்த ஊர்ல ஒரு குண்டூசி மதிப்பு கிடையாது. அதனாலதான் உன் பேரைப் போட்டேன். போதுமா?”

“உன் பேரைச் சம்பாதிக்க வேண்டியது நீ. என் பேரைத் திருடினா அது உனக்கு வந்துடுமா?”

“சரி, சரி, நடந்தது நடந்துபோச்சு,” என்று அம்மா இருவருக்கும் நடுவில் வந்தாள். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்கக்கூட மறந்திருந்தாள். “இப்ப என்ன பண்றதுன்னு பாரு. மாமெல்லோ, நான் சொல்றதைக் கேளு. கையெழுத்து உன்னோடதுன்னே இருக்கட்டும். உனக்கு நல்ல பேரு இருக்கு. ஏதோ கைதவறிப் போச்சுன்னு அதட்டி விட்டுடுவாங்க. இவனுக்குப் பதிவு இல்ல. இவனைப் பிடிச்சா உள்ள தள்ளிடுவாங்க. ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன்டி.”

மாமெல்லோ தன் காதையே நம்பவில்லை. பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது?

“நான் வேக வெச்சேன்னு சொல்லச் சொல்றியா அம்மா? அந்தக் குழந்தையை?”

“நான் அப்படியா சொன்னேன்?”

“அப்படித்தான் சொன்னே.”

மாமெல்லோவுக்கு அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. காலையிலிருந்து ஆத்திரத்தில் கேட்க மறந்த கேள்வி.

“சான்றிதழ்ப் புத்தகமும் முத்திரையும் என் வீட்டு அலமாரில பூட்டி இருக்கு. என் வீட்டுச் சாவி இவன்கிட்ட கிடையாது. எப்படி எடுத்தான்?”

பிட்சோ தரையைப் பார்த்தான். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமெல்லோவின் வீட்டுச் சாவியும் அலமாரிச் சாவியும் வைத்திருக்கும் இன்னொரு ஆள் இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான்.

“அம்மா.”

“ரெண்டே ரெண்டு தாள்தான் வேணும்னான்,” என்றாள் மோசெலே, முதுகைக் காட்டியபடியே. “புத்தகத்தையும் முத்திரையையும் எடுத்துக் குடுத்துட்டு, திரும்ப அங்கேயே வெச்சுட்டேன். அவனும் மனுஷன்தானே. அவனுக்கும் ஒரு வழி வேணாமா? உனக்கு எல்லாம் கிடைச்சுது. அவனுக்கு என்ன கிடைச்சுது?”

மாமெல்லோ கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று பிட்சோவுக்கே தோன்றியிருக்கும். அவள் தன் சாவிக் கொத்துக்காகக் கையை நீட்டினாள். அம்மா தரவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் மோசெலே இடுப்பு முடிச்சிலிருந்து சாவியை அவிழ்த்து மேசைமேல் வீசினாள். அது களித் தட்டில் மோதி நின்றது.

“அக்காவையும் தம்பியையும் பிரிச்ச பாவம் என் தலைலயா?” என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

“அழாதே அம்மா. அழுதா நான் இரங்கிடுவேன். இன்னிக்கு இரங்கக் கூடாது.” மாமெல்லோ பிட்சோ பக்கம் திரும்பினாள். “வண்டியில ஏறு.”

“எங்க?”

“ஏறுடா!”

* * *

முதலில் தன் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தாள். அடிக்கட்டைகளைப் புரட்டினாள். அம்மா சொன்னபடி இரண்டு தாள் அல்ல. நடுநடுவே கிழித்து, தெரியாதபடி ஒட்டி வைத்திருந்தது. ஏழு.

“ஏழு வீடாடா?”

“எல்லாமே அப்படி இல்லக்கா. சிலதுல மூடி மட்டும். சிலதுல வயர் மட்டும்.”

“ரெண்டும் சேர்த்து எத்தனை?”

“ஹெய்டெடால் ஒண்ணு. கிராஸ்லேண்ட்ஸ்ல ஒண்ணு. அங்க இன்னும் கரண்ட் வரலையாம்.”

வண்டியில் உட்கார்ந்தபடியே பதிவு அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தாள். மறுமுனையில் ஒரு பெண்மணி. மாமெல்லோ எதையும் குறைக்காமல், கூட்டாமல் சொன்னாள். தன் எண், தன் முத்திரை, தம்பியின் கை, வெந்த குழந்தை, ஏழு வீடு. பக்கத்தில் பிட்சோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். அம்மா எடுத்துக் கொடுத்தாள் என்ற இடமும் வந்தது. அதையும் சொன்னாள்.

“உங்க பதிவை இப்பவே நிறுத்தி வைக்கறோம்,” என்றாள் அந்தப் பெண்மணி. “விசாரணை முடியற வரைக்கும் நீங்க எந்தக் கீசரையும் பழுது பார்க்கக் கூடாது. நாளைக்குக் காலைல அந்த வீடுகளுக்கு ஆய்வாளர் வருவாரு.”

“நாளைக்கு வரைக்கும் தாங்காதும்மா. மூணு நாள் கழிச்சுக் கரண்ட் வந்திருக்கு. எல்லாரும் போட்டுட்டுத்தான் இருப்பாங்க.”

“எனக்குப் புரியுது. ஆனா...”

“ஸ்விட்சை அணைக்கறதுக்குப் பதிவு வேணுமா?”

“வேண்டாம்மா. அதை யார் வேணாலும் செய்யலாம்.”

“அது போதும்.”

ஒன்பது வருஷ உழைப்பு நான்கு நிமிஷப் பேச்சில் போயிருந்தது. மாமெல்லோ தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

“என்னை வெச்சே முடிச்சிருக்கலாமே, உன்னை ஏன்க்கா...” என்று ஆரம்பித்தான் பிட்சோ.

“வாயை மூடிட்டு வழியைச் சொல்லு.”

பொச்சபேலாவில் ஒரு ஆசிரியை, கேட்டதும் நடுங்கிப்போய்த் தானே ஸ்விட்சை அணைத்தார். ராக்லேண்ட்ஸில் ஒருத்தி கதவுக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டாள்.

“இந்தக் குளிருல சுடுதண்ணி இல்லாம இருக்கணுமா? காசு வாங்கிட்டுப் போனியே அன்னிக்கு, நல்லாத்தானே வேலை செய்யுது?” என்று பிட்சோவைப் பார்த்துக் கேட்டாள்.

“நீ சொல்லுடா,” என்றாள் மாமெல்லோ. “நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு.”

பிட்சோ ஒரு அடி முன்னால் வந்தான். “நான் தப்பா வேலை பார்த்துட்டேம்மா. எனக்கு அனுமதி கிடையாது. பொய்க் கையெழுத்துப் போட்டேன். அது வெடிச்சுடும்.”

அந்த வீட்டுக்காரி அவனை ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு போய் ஸ்விட்சை அணைத்தாள். பிட்சோ கன்னத்தைத் தடவவில்லை. வண்டியில் ஏறி அடுத்த தெருவின் பெயரைச் சொன்னான்.

மூன்றாவது வீடு, நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொரு வாசலிலும் அவனே சொன்னான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மாமெல்லோவின் கோபம் குறையும் என்றுதான் அவளே எதிர்பார்த்தாள். குறையவில்லை. அந்தச் சின்னக் கை வெந்தது வெந்ததுதானே.

கிராஸ்லேண்ட்ஸுக்கு வந்து சேர்ந்தபோது ஐந்தரை ஆகிவிட்டது. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை என்று அதைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள்; ஆனால் மதியமே வந்துவிட்டதாம். வீட்டுக்காரர் மொகேலே, ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர், தனி ஆள். தட்டினார்கள். பதில் இல்லை. முன்கதவு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “அவர் இல்லீங்க. வெல்கம் ஊர்ல இருக்கற மக வீட்டுக்குப் போயிட்டாரு. ஞாயித்துக்கிழமையே போயிட்டாரு.”

“கீசரை அணைச்சுட்டுப் போயிருப்பாரா?”

கேட்டு முடிக்கவில்லை. கூரைக்குள்ளிருந்து டொக் என்று ஒரு சத்தம். பிறகு உறுமல்.

மாமெல்லோ அந்தப் பெண்ணை அவள் வீட்டு ஆட்களோடு தெரு முனைக்குப் போகச் சொன்னாள். மின்சாரப் பெட்டி வீட்டுக்குள்ளேதான் இருக்க வேண்டும். அவள் சன்னல்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிட்சோ மேல்சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டான். கண்ணாடி நொறுங்கியது.

“டேய், நில்லு! நான் போறேன்!”

“நீ எதையும் தொடக் கூடாதுன்னாங்க இல்ல?” என்றான். காலையிலிருந்து முதல் முறையாக அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான். “என் கைவேலை. நானே போறேன்.”

“மெயினை அணை, வெளிய வா. அவ்வளவுதான். மேல ஏறாதே. அந்த மூடியைத் தொட்டே, உன்னைக் கொன்னுடுவேன்!”

அவன் சன்னல் வழியாக உள்ளே குதித்தான். மாமெல்லோ குளிரில் வாசலில் நின்றாள். உள்ளே எதிலோ மோதிக்கொள்ளும் சத்தம். நாற்காலி ஒன்று சாய்ந்தது. பிறகு வாசல் விளக்கு பட்டென்று அணைந்தது. மெயினை அணைத்துவிட்டான்.

உறுமல் நிற்கவில்லை. உடனே நிற்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பிட்சோ வெளியே வரவில்லை.

“பிட்சோ!”

பதில் இல்லை.

“பிட்சோ, வெளிய வாடா!”

“அக்கா!” உள்ளேயிருந்து வந்த குரல் அவனுடையது போலவே இல்லை. “அக்கா, வீட்டுல ஆள் இருக்கு! குளியலறை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு. தண்ணி ஓடுது. கூப்பிட்டா பதில் இல்ல!”

மாமெல்லோ யோசிக்கவில்லை. உடைந்த கண்ணாடி உள்ளங்கையைக் கிழிப்பதும் தெரியாமல் சன்னலில் ஏறி உள்ளே இறங்கினாள். இருட்டில் நடையின் கோடியில் பிட்சோ ஒரு கதவோடு தோளால் முட்டிக்கொண்டிருந்தான். அவர்கள் தலைக்கு நேர் மேலே கூரை டொக், டொக் என்று அதிர்ந்தது.

“தள்ளுடா,” என்று அவனைப் பிடித்து இழுத்தாள்.

முதல் உதைக்குக் கதவு அசையவில்லை. இரண்டாவதை இருவரும் சேர்ந்து உதைத்தார்கள். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு போனது. வெள்ளை வெளேரென்று ஆவி வந்து இருவர் முகத்திலும் அறைந்தது. எதுவும் தெரியவில்லை.

அதற்குள்ளிருந்து யாரோ இருமினார்கள். வயதான ஆணின் இருமல் அல்ல அது.